எலக்ட்ரான்களை எண்ணக் கற்றுக்கொள்ள: ஆட்டப்படும் குவாண்டம் கடத்திகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அக்கா மகன் பெங்களூரில் யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட உட்காரும் முன்பே பையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்து நீட்டினான். அவனுடைய புராஜெக்ட் தலைப்பு அது: வெளியிலிருந்து ஆட்டப்படும் குவாண்டம் அமைப்புகளில் மின்னூட்டம் கடக்கும் புள்ளியியல்.

"மாமா, ரெண்டாவது பக்கத்தத் தாண்டவே முடியல. எடுத்ததுமே கெல்டிஷ் பாதை, கிரீன் சார்பு, எல்லாம் வந்துடுது. சராசரி மின்னோட்டம் தெரிஞ்சா போதாதா? எதுக்கு இவ்வளவு?"

நானும் இந்த ஊரில்தான் இதைப் படித்தேன், இப்போது கற்பிக்கிறேன். கெல்டிஷில் (காலத்தில் முன்னே போய்த் திரும்பி வரும் பாதையில் கணக்குப் போடும் முறை) தொடங்கியவர்கள் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் துறைக்குள் நுழைய வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. நாணயம் சுண்டத் தெரிந்தால் முதல் பாதி வந்துவிடும். அன்று மதியம் அவனுக்குச் சொன்னதையும், அதற்கடுத்த வாரங்களில் இருவரும் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வரும் ஈருறுப்புப் பரவலும், இளநிலை குவாண்டம் இயற்பியலும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு கம்பியில் 1 நானோஆம்பியர் ஓடுகிறது என்றால் நொடிக்குச் சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் கடக்கின்றன. 2019-இலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டம் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது, 1.602176634-ஐப் பத்தின் அடுக்கு −19-ஆல் பெருக்கிய அளவு கூலும். ஆனால் அந்த 624 கோடி என்பது சராசரி. ஒவ்வொரு நொடியும் சரியாக அத்தனை கடப்பதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை எலக்ட்ரான் கடந்தது என்று எண்ணுங்கள், அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையும் எந்த நிகழ்தகவோடு வருகிறது? அந்த முழுப் பட்டியல்தான் நமக்கு வேண்டியது. இதை முழு எண்ணிக்கைப் புள்ளியியல் என்பார்கள்.

"சராசரி போதாதா" என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் தள்ளி வரும். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்டப்படும் அமைப்புகளில் சராசரி பூஜ்யமாகவே இருக்க, உள்ளே ஏகப்பட்டது நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கச் சராசரிக்குக் கண் கிடையாது.

படி 1: நான்கு முயற்சிகளைக் கையால் போடுங்கள்

ஒரு தடுப்பு. எலக்ட்ரான் வந்து மோதினால் ஒன்று கடக்கும், இல்லை திரும்பும். கடக்கும் நிகழ்தகவைக் 'கடப்பு' என்று அழைப்போம், 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண். கடப்பு 0.2, முயற்சிகள் நான்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒன்றுமே கடக்காமல் இருக்க 0.4096, ஒன்று கடக்க அதே 0.4096, இரண்டுக்கு 0.1536, மூன்றுக்கு 0.0256, நான்கும் கடக்க 0.0016.

இதிலிருந்து சராசரியும் பரவற்படியும் எடுங்கள். சராசரி 0.8, பரவற்படி 0.64. பரவற்படி ÷ சராசரி = 0.8. இந்த விகிதத்துக்கு ஃபானோ காரணி என்று பெயர். அது 1 − கடப்பு என்பதைக் கவனியுங்கள். அப்புறம் மூன்றாவது அளவு, பரவல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. முயற்சிகள் × கடப்பு × (1 − கடப்பு) × (1 − 2 × கடப்பு) என்று போட்டால் 0.384. கடப்பு சரியாகப் பாதி என்றால் இந்தச் சாய்வு மறைந்துவிடும். இந்த வரிசையில் வரும் அளவுகளைத்தான் கட்டுரைகளில் க்யூமுலன்ட் என்கிறார்கள். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம், முதல் மூன்றை இப்போதுதான் கையால் போட்டீர்கள்.

தயவுசெய்து இதைக் கணினியில் போடாதீர்கள். தாளில் போட்டால்தான் மனதில் நிற்கும்.

படி 2: முயற்சி எங்கிருந்து வருகிறது

மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு வெளியேறும் கேட்டைப் பாருங்கள். இடைவெளியே இல்லாத வரிசை, ஒருவர் போனதும் அடுத்தவர். சில அட்டைகளைக் கேட் ஏற்கவில்லை, அவர்கள் திரும்பிப் போகிறார்கள். இங்கே முயற்சிகளின் எண்ணிக்கை ஏற்ற இறக்கம் இல்லாதது, கடந்தவர்கள் எத்தனை என்பது மட்டும்தான் மாறும். இது ஈருறுப்புப் பரவல். பிற்பகல் மூன்று மணிக்கோ ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராக வருகிறார்கள், வருகையே தற்செயல். அது பாய்சான் பரவல். அதில் பரவற்படியும் சராசரியும் சமம்.

மிகக் குளிர்ந்த குவாண்டம் கடத்தி மாலை ஆறு மணி வரிசை. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்ற பாலியின் விதிதான் அந்த வரிசையைக் கட்டுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு தடத்திலும் (கடத்திக்குள் எலக்ட்ரான் அலை போகும் ஒரு வழி) நொடிக்கு (எலக்ட்ரான் மின்னூட்டம் × மின்னழுத்தம் ÷ பிளாங்க் மாறிலி) முயற்சிகள் வரிசையாக வருகின்றன. 10 மைக்ரோவோல்ட்டுக்கு இது நொடிக்குச் சுமார் 242 கோடி. எலக்ட்ரானின் தற்சுழற்சி இரண்டு வகை என்பதால் தடங்கள் இரட்டிப்பாகும்.

வெற்றிடக் குழாயில் எலக்ட்ரான்கள் தனித்தனியாகத் தெறித்து வருவதால் அங்கே பாய்சான். வால்ட்டர் ஷாட்கி 1918-இல் சொன்ன ஷாட் இரைச்சல் அதுதான், கூரை ஓட்டில் மழைத்துளி விழும் ஓசை மாதிரி. குவாண்டம் கடத்தியில் அது (1 − கடப்பு) மடங்காகக் குறையும் என்று லெசோவிக் 1989-இல் காட்டினார், அடுத்த ஆண்டு பியூட்டிக்கர் அதைப் பல தடங்களுக்கும் விரித்தார். லெவிடோவும் லெசோவிக்கும் 1993-இல் முழுப் பரவலையும் எழுதி, அது ஈருறுப்புதான் என்று நிறுவினார்கள். நீங்கள் முதல் படியில் போட்ட அதே கணக்கு. கடப்பு முழுதாக 1 என்றால் இரைச்சல் இல்லை, மின்னழுத்தம் இருந்தும் மௌனம். எனக்கு இன்றும் இது வியப்பாகவே இருக்கிறது.

படி 3: இரைச்சலை ஒருமுறை கையால் அளந்து பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். கோட்பாடு மட்டும் செய்யப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு ஃபோட்டோடையோடு (வெளிச்சத்தை மின்னோட்டமாக்குவது), இரண்டு டிஎல்071 ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு), 1 மெகாஓம் மின்தடை, சில கெபாசிட்டர்கள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். முதல் ஆப்-ஆம்ப்பை, ஃபோட்டோடையோடின் மின்னோட்டத்தை 1 மெகாஓம் வழியாக மின்னழுத்தமாக மாற்றும்படி இணையுங்கள். இரண்டாவது, கெபாசிட்டர் வழியாக ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்து 100 மடங்கு பெருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைச் சுற்றின் பொதுப் புள்ளியோடு இணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்குப் பேட்டரியில் எரியும் சின்ன பல்பு. வெளியீட்டைக் கணினியின் மைக் நுழைவில் பதிவு செய்யலாம்.

வெளிச்சத்தை 1 மைக்ரோஆம்பியர் வரும்படி வையுங்கள், முதல் ஆப்-ஆம்ப்பில் 1 வோல்ட் காட்டும். அப்போது ஷாட் இரைச்சல், ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ 0.57 மைக்ரோவோல்ட். அந்த மின்தடையின் வெப்ப இரைச்சல் வெறும் 0.13 மைக்ரோவோல்ட். ஆக, பார்க்க வேண்டியது மேலே தெரிகிறது. பல்பைத் தள்ளி வைத்து, கிட்டே வைத்து, ஐந்தாறு அளவுகளில் பதிவு செய்யுங்கள். மின்னோட்டத்துக்கு எதிரே பரவற்படியை வரைந்தால் நேர்கோடு வரும். பெருக்கமும் பட்டை அகலமும் தெரிந்தால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தையே எடுக்கலாம்.

நாங்கள் முதலில் டப்பாவை மூடாமல் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துவிட்டோம். பதிவில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. விளக்கை அணைத்து, மூடியைப் போட்ட பிறகு ஒரே சீரான 'உஷ்' என்ற சத்தம். அக்கா மகன் ஹெட்போனை வாங்கி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இது ஒவ்வொண்ணும் எலக்ட்ரானா மாமா?" என்றான். ஆமாம், மின்னூட்டம் துளித்துளியாக வருவதன் ஓசைதான் அது.

படி 4: உருவாக்கும் சார்பு

பட்டியலாக வைத்துக்கொண்டு பெரிய கணக்குகளைப் போட முடியாது. அதற்கொரு பெட்டி வேண்டும். ஒரு முயற்சிக்கு இப்படி எழுதுங்கள்: (1 − கடப்பு) + கடப்பு × குறி. ஒவ்வொரு எலக்ட்ரான் கடக்கும்போதும் ஒரு குறி ஒட்டிக்கொள்கிறது. முயற்சிகள் சார்பற்றவை என்றால் இதை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் போதும். விரித்துப் பார்த்தால் குறியின் ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் அதற்கான நிகழ்தகவு நிற்கும். இதன் மடக்கையை எடுத்து வகையிட்டால் க்யூமுலன்ட்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

கட்டுரைகளில் குறிக்குப் பதிலாக லாம்டா என்ற கோணம் கொண்ட ஒரு கலப்பெண் இருக்கும். அந்தக் கோணம் எங்கிருந்து வந்தது என்று புரியாமல்தான் பலர் தவிக்கிறார்கள். 1996-இல் லெவிடோவ், லீ, லெசோவிக் மூவரும் எழுதிய கட்டுரையில் இதற்கு அழகான படம் இருக்கிறது. கம்பியின் பக்கத்தில் ஒரு தற்சுழற்சியை வையுங்கள். ஒரு எலக்ட்ரான் கடந்தால் அது லாம்டா அளவு திரும்பும், இரண்டு கடந்தால் இரண்டு மடங்கு. கடைசியில் அந்தத் தற்சுழற்சி, ஒரு முள் மாதிரி, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். குவாண்டம் அமைப்பில் 'எண்ணுதல்' என்றாலே ஏதோ ஒரு கருவியை அதனோடு பிணைப்பதுதான். கெல்டிஷ் பாதையின் இரண்டு கைகளிலும் லாம்டா எதிரெதிர்க் குறியோடு வருவதும் இதனால்தான். இதைப் புரிந்துகொண்டால், அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கம் பாதி திறந்துவிடும்.

படி 5: இப்போது ஆட்டுங்கள்

நிலையான மின்னழுத்தத்தை எடுத்துவிட்டு, மேலும் கீழுமாக அசையும் சைன் அலை மின்னழுத்தத்தை மட்டும் கொடுங்கள். கடப்பு ஆற்றலைப் பொறுத்து மாறாத தடுப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி மின்னோட்டம் பூஜ்யம். அம்மீட்டரில் ஒன்றும் இல்லை.

ஆனால் எலக்ட்ரானின் அலைக்குள் என்ன நடக்கிறது? அசையும் மின்னழுத்தம் அதன் கட்டத்தை (ஃபேஸ்) அசைக்கிறது. ஒரே ஆற்றலோடு வந்த எலக்ட்ரான், ஆட்டத்தின் அதிர்வெண்ணுக்கு உரிய ஆற்றல் துணுக்குகளை வாங்கியோ கொடுத்தோ பல ஆற்றல்களின் கலவையாகிறது. டீனும் கார்டனும் 1963-இல் எழுதியது இது. எத்தனை துணுக்கு என்பதன் நிகழ்தகவு பெசல் சார்பின் வர்க்கம். மின்னழுத்த வீச்சுக்கு உரிய ஆற்றல் ஒரு துணுக்குக்குச் சமமாக இருக்கும்போது, எதுவும் வாங்காமல் இருப்பது 58.6 சதவீதம், ஒன்று வாங்குவது 19.4, ஒன்று கொடுப்பது 19.4, இரண்டு என்றால் இருபுறமும் 1.3 சதவீதம். கூட்டிப் பாருங்கள், நூறுக்கு மிக அருகில் நிற்கும்.

ஃபெர்மி கடலுக்குள் (எலக்ட்ரான்கள் கீழிருந்து நிரப்பி வைத்திருக்கும் ஆற்றல் நிலைகள்) இருந்த எலக்ட்ரான் மேலே எழும்பினால் கீழே ஒரு துளை விடும். எலக்ட்ரானும் துளையும் ஜோடியாகத் தடுப்பை நோக்கி வருகின்றன. எலக்ட்ரான் மட்டும் கடந்தால் +1, துளை மட்டும் கடந்தால் −1, இரண்டும் கடந்தாலோ இரண்டும் திரும்பினாலோ 0. கடப்பு பாதி என்றால்: +1-க்கு கால், −1-க்கு கால், 0-க்கு அரை. சராசரி 0, பரவற்படி 0.5. இப்படிப் பத்து ஜோடிகள் வந்தாலும் சராசரி அதே 0, பரவற்படி மட்டும் 5.

அக்கா மகன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அம்மீட்டர் பூஜ்யம் காட்டும்போதும், ஆட்டம் ஜோடி ஜோடியாக எலக்ட்ரான்களைக் கிளப்பிக்கொண்டிருப்பதை இரைச்சல் சொல்லிவிடும். லெசோவிக்கும் லெவிடோவும் இதை 1994-இல் கணித்தார்கள், 1998-இல் வேறொரு குழு சோதனையில் அளந்தது.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழும். ஜோடிகளே கிளம்பாதபடி ஆட்ட முடியுமா? முடியும். மின்னழுத்தத் துடிப்பின் வடிவம் லொரென்ட்ஸ் வளைவாக இருக்க வேண்டும், அதன் பரப்பு பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்த அளவின் முழு மடங்காக இருக்க வேண்டும். ஒரு மடங்கு என்பது சுமார் 4.14 மைக்ரோவோல்ட்-நானோவினாடி. அப்படிக் கொடுத்தால் கடலின் மேற்பரப்பில் சுத்தமாக ஒரே ஒரு எலக்ட்ரான் எழும், கூட எந்தத் துளையும் இல்லை. பிரான்சின் சாக்லே ஆய்வுக்கூடத்தில் கிளாட்லியின் குழு இதை 2013-இல் செய்து காட்டியது. கணித்தவரின் பெயரால் அதற்கு லெவிட்டான் என்று பெயர். பரப்பு கொஞ்சம் பிசகினாலும், வடிவம் மாறினாலும் ஜோடிகள் சேர்ந்து கிளம்பி இரைச்சல் ஏறிவிடும். துடிப்பு சுத்தமா என்று அவர்கள் பார்த்ததும் இரைச்சலை வைத்துத்தான்.

படி 6: ஏற்றம்

மின்னழுத்தமே இல்லாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எலக்ட்ரானை இறைக்கவும் முடியும். இதைச் சொல்லிக்கொடுக்க நான் எப்போதும் கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்கள் தாத்தாவின் கிணற்றைத்தான் எடுப்பேன். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், சால் இறங்கி ஏறும். கீழே ஒருவர், சால் மேலே வந்த நேரம் பார்த்துச் சாய்த்துவிடுவார். நடப்பது மட்டும் நடந்தால் அதே தண்ணீர் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும், வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வராது. சாய்ப்பது மட்டும் நடந்தாலும் அப்படியே. இரண்டும் வேண்டும், அதுவும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பின்னேயும் முன்னேயுமாக.

குவாண்டம் இறைப்பியும் இதே. அமைப்பின் இரண்டு கட்டுப்பாட்டு மின்னழுத்தங்களைக் கட்ட வேறுபாட்டோடு மெதுவாக அசைத்தால், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று மின்னூட்டம் கடக்கும். சிறிய ஆட்டத்துக்கு, அந்த இரண்டு அளவுகளும் ஒரு தளத்தில் வரையும் வளையத்தின் பரப்புக்கு விகிதமாக அது இருக்கும் என்று ப்ரவுவர் 1998-இல் காட்டினார். தகுந்த அமைப்பில் அது துல்லியமான முழு எண்ணாகவே நிற்கும் என்று தௌலஸ் 1983-இல் சொல்லிவிட்டார். 2016-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். ஒரு சுற்றுக்கு ஒரு எலக்ட்ரான், நொடிக்கு 100 கோடி சுற்று என்றால் 160 பிக்கோஆம்பியர். மின்னோட்டத்துக்கு அளவுகோல் செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் 160 பிக்கோஆம்பியர் வந்துவிட்டது என்பதால் இறைப்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு சுற்றில் இரண்டும் அடுத்த சுற்றில் சூன்யமுமாகப் போனாலும் சராசரி அதேதான். தாத்தா காலத்தில் ஏற்றப்பாட்டிலேயே சாலுக்குச் சால் எண்ணிக்கை சொல்லிப் பாடியதுபோல, சுற்றுக்குச் சுற்று எண்ண வேண்டும்.

படி 7: சோதனைக்கூடத்தில் எண்ணுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். வேகம் குறைவான அமைப்பில் நேரடியாகவே எண்ணலாம். ஒரு குவாண்டம் புள்ளியின் (எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் மிகச் சிறிய இடம்) பக்கத்தில் குறுகிய கடத்தி ஒன்றை வைத்தால், புள்ளிக்குள் எலக்ட்ரான் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதன் மின்னோட்டம் படிக்கட்டு மாதிரி தாவும். சூரிச்சில் 2006-இல் இப்படி ஒவ்வொன்றாக எண்ணி முழுப் பரவலையும் வரைந்தார்கள். நுழைவும் வெளியேற்றமும் சம வேகத்தில் இருந்தால் ஃபானோ காரணி பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் ஒன்று வெளியே போகாமல் அடுத்தது உள்ளே வர முடியாது. வேகமான அமைப்புகளில் முதல் சில க்யூமுலன்ட்களை மட்டுமே அளக்க முடியும். மூன்றாவது க்யூமுலன்டை 2003-இல் முதன்முதலில் அளந்தபோது, சுற்றியிருக்கும் மின்சுற்றே அதை மாற்றிவிடுவதைக் கண்டார்கள்.

குளிர் இல்லாமல் இவை எதுவும் நடக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் ஆட்டத்தின் துணுக்கு ஆற்றல் சுமார் 0.24 கெல்வினுக்குச் சமம். வெப்பநிலை அதைவிட நன்றாகக் குறைந்து, சில பத்து மில்லிகெல்வினில் இருந்தால்தான் துணுக்குகள் தனியாகத் தெரியும்.

படி 8: கணினி, கடைசியில்

இப்போது பைத்தான் திறக்கலாம். சிதறல் அணி (வந்த அலையில் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று சொல்வது) கணக்கிட க்வான்ட் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது, நேரத்தோடு மாறும் அமைப்புகளுக்கு அதன் தம்பியான டிக்வான்ட். ஹெசரகட்டா பக்கம் இருக்கும் ஐசிடிஎஸ் என்ற கோட்பாட்டு அறிவியல் நிறுவனத்தின் விரிவுரைகள் யூட்யூபில் இருக்கின்றன. தொடர்புள்ள பாடத்தொடர் எது வந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்க் கேள்வி கேளுங்கள்.

நிரல் எழுதியதும் முடிவை நம்பாதீர்கள். லாம்டாவைப் பூஜ்யமாக்கினால் உருவாக்கும் சார்பு 1 வருகிறதா? ஆட்டத்தை நிறுத்தி, பூஜ்ய வெப்பநிலையில் நிலையான மின்னழுத்தத்தை மட்டும் வைத்து, கடப்பு 0.2, முயற்சிகள் நான்கு என்று கொடுத்தால் படி 1-இன் ஐந்து எண்களும் திரும்பி வருகின்றனவா? கடப்பை 1 ஆக்கி, வெப்பநிலையைப் பூஜ்யமாக்கினால் இரைச்சல் சாகிறதா? ஆட்டம் இல்லாமல், நிலையான மின்னழுத்தமும் வெப்பநிலையும் மட்டும் இருக்கும்போது, +1 வரும் நிகழ்தகவை −1 வரும் நிகழ்தகவால் வகுத்துப் பாருங்கள். மின்னழுத்த ஆற்றலும் வெப்ப ஆற்றலும் சமமாக இருந்தால் 2.718 வர வேண்டும். ஆட்டத்தைச் சேர்த்தபின் இந்தக் கடைசி விகிதம் பொதுவாகப் பொருந்தாது, அதைத் தவறு என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

கடைசிச் சோதனை ஆட்டத்துக்கு. கடப்பு 0.5, நிலை மின்னழுத்தம் இல்லை, சைன் ஆட்டம், வீச்சு ஒரு துணுக்கு அளவு. படி 5-இல் உள்ள சதவீதங்களைத் துணுக்கு எண்ணிக்கையால் பெருக்கி, இரு புறத்தையும் கூட்டினால் சுமார் 0.44. அதைக் கடப்பு × (1 − கடப்பு) ஆல் பெருக்குங்கள். ஒரு தடத்துக்கு, ஒரு சுற்றுக்கு, பரவற்படி 0.11.

அக்கா மகனுக்கு முதலில் 0.22 வந்தது. இரண்டு நாள் தேடினான். ஒரே தடத்துக்கான கணக்கில் தற்சுழற்சிக்காக ஓர் இரண்டைத் தேவையில்லாமல் பெருக்கியிருந்தான். வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான்: 0.1106. கீழே, "மாமா, இப்போ அந்தக் கட்டுரையோட ரெண்டாவது பக்கத்தத் திறக்கிறேன்."